ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பிரிவில் வாசிப்புப் பழக்கம் பற்றிக் கேட்டால், ஆங்கிலப் புத்தகமே படிக்காதவர் என்ன சொல்வது?

ஆங்கில நாவல் ஒன்றுகூடப் படித்ததில்லை, காலையில் தமிழ்ச் செய்தித்தாள், ரயிலில் பாக்கெட் நாவல், அவ்வளவுதான் என் வாசிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது, பெயர் பெற்ற ஆங்கிலப் புத்தகம் ஒன்றின் சுருக்கத்தை உருப்போட்டுக்கொண்டு போகலாமா என்பது உங்கள் கேள்வி. தயவுசெய்து வேண்டாம். முதல் முறை நான் அப்படிப் போய்த்தான் கோட்டைவிட்டேன்.

நான் செவிலியர். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்யப் பேச்சுப் பிரிவில் 9க்கு 7 வேண்டும். நான் சேர்ந்திருந்த பயிற்சி வகுப்பில் தலைப்புக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். வாசிப்பு என்ற தாளில், சுயமுன்னேற்றப் புத்தகம் ஒன்றைப் பற்றிப் பன்னிரண்டு வரிகள். இரவுப் பணி முடிந்து விடுதிக்கு வந்ததும் தூக்கத்தை ஒதுக்கிவிட்டு அந்த வரிகளை மனப்பாடம் செய்தேன். தேர்வு அறையில் கொடுத்த அட்டையில், சமீபத்தில் படித்த புத்தகம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றே இருந்தது. மளமளவென்று ஒப்பித்தேன். முடித்ததும் தேர்வாளர் சாதாரணமாக ஒன்று கேட்டார்: "இந்தப் புத்தகத்தை வேறு யாருக்காவது படிக்கக் கொடுத்தீர்களா?" அதை நான் கையால் தொட்டதே இல்லை. தடிமனா மெலிசா, அட்டை என்ன நிறம், எதுவும் தெரியாது. 'நோ' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு வாய் எழவில்லை. அதுவரை தங்குதடையில்லாமல் வந்த ஆங்கிலம் அந்த இடத்தில் நின்றுபோனதை அவர் கவனிக்காமல் இருந்திருக்க முடியாது. 6 வந்தது.

அந்தத் தேர்வு எதைப் பார்க்கிறது என்பதை நான் பிறகுதான் சரியாகப் புரிந்துகொண்டேன். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, பொழுதுபோக்கு என்று உங்களைப் பற்றிய எளிய கேள்விகள். இரண்டாவதில் ஓர் அட்டை. குறிப்பெடுக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. மூன்றாவதில் அதே பொருளை ஒட்டிய பொதுவான விவாதம். மதிப்பெண் நான்கு வகையில்: தடையில்லாமலும் கோவையாகவும் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் சமமான எடை. நீங்கள் எத்தனை புத்தகம் படித்தீர்கள், எந்த மொழியில் படித்தீர்கள் என்பதற்கு இவற்றில் எங்குமே இடமில்லை. தமிழில் படித்ததைப் பற்றி ஆங்கிலத்தில் பேசலாம். இதை முதலிலேயே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் தேர்வுக் கட்டணமும் சில மாதங்களும் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டாம் முறை வந்த அட்டையில் புத்தகம் என்ற சொல்லே இல்லை. உங்கள் குடும்பத்தில் நெடுங்காலமாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பழைய பொருள் ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள் என்று இருந்தது. எனக்கு உடனே மதுரையில் அத்தை வீட்டு மர பீரோ நினைவுக்கு வந்தது. வார இதழில் வந்த தொடர்கதையை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து வைத்திருக்கிறார் அத்தை. பக்கங்கள் பழுப்பேறிப் போய், திருப்பினால் ஓரம் பொடிப்பொடியாக உதிரும். அதில் 23ஆம் அத்தியாயம் மட்டும் கிடையாது. அந்த வார இதழை இரவல் வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரர் திருப்பித் தரவேயில்லை. 22ஆம் அத்தியாயத்தின் முடிவில் கதாநாயகி வெள்ளம் புரண்டோடும் ஆற்றங்கரையில் நிற்பாள். 24ஆம் அத்தியாயம் தொடங்கும்போது அக்கரையில் ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டிருப்பாள். நடுவில் அவள் எப்படி ஆற்றைக் கடந்தாள் என்பதை அத்தை ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார். ஒரு வருடம் பரிசல், ஒரு வருடம் வாழைத்தண்டு.

கொடுத்த தாளில் நான் குறித்துக்கொண்டவை நான்கே சொற்கள்: பீரோ, 23, ஆறு, அத்தை. இரண்டு நிமிடம் போதவில்லை. தேர்வாளர் நிறுத்திவிட்டு, "அந்த அத்தியாயம் பிறகு கிடைத்ததா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை, கிடைத்தால் அத்தைக்குச் சொல்லக் கதை இருக்காது என்று சொன்னேன். என் ஆங்கிலம் முந்தைய முறையைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கவில்லை; ஆனால் இந்த முறை யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுவது என்பது என்னிடம் இருந்தது. 7.5 வந்தது.

உண்மையைத்தான் சொல்கிறீர்களா என்று தேர்வாளர் சோதிக்கப் போவதில்லை. ஆனால் உண்மையில் நடந்ததற்கு ஒரு வசதி உண்டு. எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தாலும் அதற்குள் பதில் இருக்கும். உருப்போட்டதில் பன்னிரண்டு வரிக்கு அப்பால் ஒன்றும் இருக்காது.

இனி மொழிக்கு வருகிறேன், ஏனென்றால் வாசிப்பு என்ற இந்தத் தலைப்பில் நம் தமிழ் நம்மைக் குறிப்பாகச் சில இடங்களில் இடறவைக்கிறது. தமிழில் "தினமும் பேப்பர் படிக்கிறேன்" என்பதற்கும் "இதோ பேப்பர் படிக்கிறேன்" என்பதற்கும் ஒரே வினைமுற்று போதும். ஆங்கிலத்தில் போதாது. பழக்கத்தைச் சொல்லும்போது 'ஐ ரீட்' என்றுதான் வர வேண்டும்; நம்மில் பலர் 'ஐ ஆம் ரீடிங்' என்று தொடங்கிவிடுகிறோம். பயிற்சிக்காக நான் பேசிப் பதிவு செய்தவற்றைத் திரும்பக் கேட்டபோது ஒரே பதிலில் மூன்று இடத்தில் இந்தப் பிழை இருந்தது. அடுத்தது பன்மை. "பத்துப் புத்தகம் படித்தேன்" என்பது தமிழில் முழுக்கச் சரி. அதே வழக்கத்தில் ஆங்கிலத்திலும் 'டென் புக்' என்று வாய் தவறிவிடுகிறது. கடைசி 'ஸ்' ஒலியைக் காதில் விழும்படி சொல்லிப் பழகுங்கள். அச்சுப் புத்தகம் பிடிக்குமா, திரையில் படிப்பது பிடிக்குமா என்ற கேள்வி அடிக்கடி வரும். அங்கே 'ப்ரிஃபர்' என்ற சொல்லைப் பயன்படுத்தினால் ஒப்பிடும் பொருளுக்கு முன்னால் 'டு' வர வேண்டும். 'விட' என்று மனத்தில் நினைத்துப் பேசுவதால் அந்த இடத்தில் 'தேன்' (than) வந்து விழுந்துவிடுகிறது.

உச்சரிப்பில் இந்தத் தலைப்புக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. நிகழ்காலத்துக்கு 'ரீட்', இறந்தகாலத்துக்கு 'ரெட்'. எழுத்துக்கூட்டல் இரண்டுக்கும் ஒன்றே என்பதால், எழுதி வைத்து மனப்பாடம் செய்தவர்கள் இங்கே சறுக்குகிறார்கள். 'ஃபிக்‌ஷன்' என்பதைப் பகர ஒலியில் சொல்லாமல் மேல் பல்லைக் கீழ் உதட்டில் தொட்டுச் சொல்லுங்கள்.

சொல்வளத்துக்கென்று மரபுத்தொடர்ப் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'அவிட் ரீடர்' (தீவிர வாசகர்) என்ற தொடர் எங்கள் வகுப்பில் நாற்பது பேர் வாயிலும் இருந்தது. உங்கள் வாசிப்பைச் சொல்ல உங்களுக்கு எந்தச் சொல் தேவைப்படுகிறதோ அதைத் தேடிப் பிடியுங்கள். அத்தையின் தொகுப்பில் பக்க மூலைகள் மடங்கிக் கிடப்பதைச் சொல்ல எனக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது. அகராதியில் தேடியபோது 'டாக் இயர்டு' கிடைத்தது. நாயின் காதுபோல மடிந்த மூலை! அன்றிலிருந்து அது எனக்கு மறக்கவேயில்லை.

உங்களிடம் பாக்கெட் நாவல் இருக்கிறது. அதைச் சிறுமையாக நினைக்காதீர்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு, பஸ் நிலையக் கடையில் கொடியில் தொங்கும், ஒரே பயணத்தில் முடிந்துவிடும் துப்பறியும் கதை. இப்படி ஒன்றைத் தெரியாத ஒருவருக்கு விளக்கிச் சொல்வதே அருமையான பேச்சு. எங்கே வாங்குவீர்கள், பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்ப்பாரா, குற்றவாளி யாரென்று எத்தனையாவது பக்கத்தில் ஊகிப்பீர்கள், முடித்த பிறகு யாரிடம் கொடுப்பீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் பகுதியில் கேள்வி உங்களைவிட்டு விலகிச் சமூகத்துக்குப் போகும். மக்கள் வாசிப்பது குறைந்துவிட்டதா, நூலகங்கள் இனியும் தேவையா என்ற வகை. இங்கும் கைவசம் இருப்பதை எடுங்கள். சென்னை மாகாணத்தில் 1948இலேயே பொது நூலகச் சட்டம் வந்தது. இன்றும் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டுகிறோம். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கதை படிப்பவர்கள் குறைந்திருக்கலாம், தேர்வுக்காகப் படிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று அதை வைத்து ஒரு கருத்தைச் சொல்ல முடியும். கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

இந்த மூன்று வாரமும் தினம் ஒரு தலைப்பு எடுத்து, ஒரு நிமிடம் குறிப்பெழுதி, இரண்டு நிமிடம் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காதீர்கள், மறுநாள் காலையில் கேளுங்கள். பிழைகள் அப்போதுதான் காதில் உறைக்கும். வீட்டில் யாரையாவது எதிரில் உட்காரவைத்து, நீங்கள் முடித்ததும் எதிர்பாராத ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் தமிழிலேயே கேட்கட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்லுங்கள். என் அறைத் தோழி அப்படித்தான் எனக்கு உதவினாள். இன்னொன்று, இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் பாதி வாக்கியத்தில் நிறுத்துவார். அதற்காக மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், பதறாமல் அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள்.