தட்டைத் தலையை எப்படி அளப்பது? கேள்வி பதில்

பச்சைப் பிள்ளைகளின் தலை வடிவம் பற்றி வந்த கேள்விகளுக்கு, கல்முனையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

காத்தான்குடித் தாய்: மகனுக்கு நாலு மாதம், பின்தலை வலப்பக்கம் தட்டை. கிளினிக்கில் நாடா போட்டு, சுற்றளவு சரி என்கிறார்கள். அப்போ பயமில்லையா?

தங்கச்சி, சுற்றளவு கோணலைக் காட்டாது. பிள்ளையை மடியில் இருத்தி உச்சியிலிருந்து பாருங்கள். தட்டையான பக்கத்துக் காது முன்னுக்குத் தள்ளியிருந்தால் பெரும்பாலும் படுக்கையால் வந்தது. காது பின்னுக்குப் போயிருந்தாலோ, மண்டை எலும்புகள் சேரும் பொருத்தில் மேடு தட்டுப்பட்டாலோ உடனே டொக்டரிடம் காட்டுங்கள்; பொருத்து நேரத்துக்கு முன்பே மூடியிருக்கலாம்.

அக்கரைப்பற்றுத் தகப்பன்: வெளிநாட்டில் அண்ணனின் பிள்ளைக்கு முப்பரிமாணப் படம் எடுத்தார்களாம். ஒரே கிழமையில் இரண்டு இடம், ஒன்றில் 6.15 வீதம், மற்றதில் 6.56. எது பிழை?

இரண்டும் சரி, தம்பி. அது பல கமெராக்கள் ஒரே நேரத்தில் சுற்றிவர எடுக்கும் போட்டோ. கதிர்வீச்சு இல்லை, மயக்க மருந்தும் வேண்டாம். முடி அளவைக் கெடுக்காமல் இறுக்கமான தொப்பி போடுவார்கள். பிள்ளை ஒரு கணம் ஆடாமல் இருந்தால் போதும் (சொல்வது இலகு!). நடுக்கோட்டிலிருந்து 30 பாகை சரித்து இரண்டு மூலைவிட்டம் எடுப்பார்கள். 130, 122 மில்லிமீற்றர் என்று வையுங்கள், வித்தியாசம் 8. நீளமானதால் வகுத்தால் 6.15, குறுகியதால் வகுத்தால் 6.56. கோணலைப் படிப்படியாகப் பிரிக்க பலர் பார்க்கும் அட்லாண்டா அட்டவணையில் 3.5க்குக் கீழ் சாதாரணம், 6.25 தாண்டினால் மூன்றாம் படி. ஒரே தலை, இரண்டு படி! அதனால் அடுத்த படத்தையும் அதே இடத்தில் எடுத்து, அதோடுதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று, இந்தப் படத்தில் எலும்புப் பொருத்து தெரியாது. அதில் சந்தேகம் என்றால் சீ.ரீ. ஸ்கேன் தேவைப்படலாம்.

களுவாஞ்சிகுடி அம்மம்மா: குளிக்க வார்க்கும்போது கையால் பிடித்துவிட்டால் சரிவராதா? கடுகுத் தலையணை?

அமுக்க வேண்டாம், அம்மா. தலையணையும் வேண்டாம், மூச்சு முட்டும். நித்திரைக்கு மல்லாத்திதான் கிடத்த வேண்டும். முழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு குப்புறப் போடுங்கள். ஏணையில் நெடுநேரம் விடாதீர்கள். எந்நேரமும் ஒரே பக்கம் திரும்பினால் கழுத்துத் தசை இறுகியிருக்கும், காட்டுங்கள்.

ஏறாவூரிலிருந்து: தலை வடிவத்தைத் திருத்தும் ஹெல்மெட் போட்டால்?

கடன்பட்டு வாங்காதீர்கள். 2014இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், போட்ட பிள்ளைகளுக்கும் போடாத பிள்ளைகளுக்கும் இரண்டு வயதில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. மிகக் கடுமையான கோணல் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்களை டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.