சீன மாணவர்கள் ஏன் ‘ஓபன் த லைட்’ என்கிறார்கள்? ‘ஓபன்’ என்ற வினைச்சொல்லை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

சீனாவில் வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. லைட்டைப் போடுவதற்கு ஆங்கிலத்தில் ‘டர்ன் ஆன்’ என்றுதான் சொல்ல வேண்டும், அவர்கள் ‘ஓபன்’ என்கிறார்கள். வம்பெல்லாம் அவர்கள் மொழியில் இருக்கும் ‘காய்’ என்ற வினைச்சொல்லால் வருவது. (காய்கறியில் வரும் காய்தான், க-வில் மட்டும் கொஞ்சம் மூச்சு கூட வேண்டும்.) ‘ஓபன் என்றால் காய்’ என்று பள்ளியிலேயே மனப்பாடம் ஆகிவிடுகிறது, ஆனால் அந்தக் காய் செய்யும் வேலையில் பாதியைக்கூட ஓபன் செய்யாது.

கதவைத் திறப்பதும் காய், லைட்டைப் போடுவதும் காய், கார் ஓட்டுவதும் காய், ஆபீசில் மீட்டிங் நடத்துவதும் காய், டாக்டர் மருந்து எழுதிக்கொடுப்பதும் காய், பூ பூப்பதும் துப்பாக்கியால் சுடுவதும்கூட அதே காய். சந்தோஷமாக இருப்பதற்கு அவர்கள் சொல்லும் ‘காய்ஷின்’ என்பதில் ஷின் என்றால் நெஞ்சு. பழைய சீன எழுத்தில் இந்தச் சொல்லை எழுதினால் இரட்டைக் கதவும் உள்ளே தாழ்ப்பாளை எடுக்கும் கைகளும் இருக்கும். 1950களில் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவை எடுத்துவிட்டார்கள், தைவானிலும் ஹாங்காங்கிலும் இன்னும் கதவோடுதான் எழுதுகிறார்கள்.

நாம் சிரிக்க முடியாது. நாம் ‘லைட்டைப் போடு’ என்கிறோம், குழாயை மட்டும் ‘திற’ என்கிறோம், இதில் என்ன நியாயம் இருக்கிறது? ‘ஓபன் த லைட்’ பிலிப்பைன்சிலும் கேட்கும், சிங்கப்பூரிலும் கேட்கும், ஏனென்றால் டகலோக்கிலும் மலாயிலும் விளக்கைத் ‘திறக்கத்தான்’ செய்வார்கள். சிங்கப்பூர் வீட்டுக்குள் அப்படிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தேர்விலும் வேலை நேர்காணலிலும்தான் உதைக்கும்.

சரி, எப்படிப் புரியவைப்பது? நான் இலக்கண விதியில் ஆரம்பிப்பதில்லை, லேப்டாப்பில் ஆரம்பிப்பேன். மூடியைத் தூக்கினால் ‘ஓபன் த லேப்டாப்’. பட்டனை அழுத்தி உயிர் கொடுத்தால் ‘டர்ன் ஆன்’. அப்புறம் வீசாட் என்ற சீனச் செய்திச் செயலிக்குள் போவது மறுபடி ‘ஓபன்’, அதில் வந்த கோப்பைப் பார்ப்பதும் ‘ஓபன்’. மூடியிருந்த ஒன்று விலகி உள்ளே போகவோ பார்க்கவோ வழி கிடைத்தால் ஓபன், மின்சாரமோ தண்ணீரோ வாயுவோ ஓட ஆரம்பித்தால் டர்ன் ஆன், இவ்வளவுதான் சொல்வேன். இதற்கு விதிவிலக்கு தேடிக்கொண்டு வருபவர்கள் உண்டு, வங்கிக் கணக்கில் எந்த மூடி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்விதான். கணக்கு, கடை, கம்பெனி மாதிரிப் புதிதாகத் தொடங்குவதற்கும் ஓபன் வரும், அங்கே சீனமும் காய் என்றே சொல்வதால் அவர்களுக்குச் சிக்கலே இல்லை, அதில் நேரத்தை வீணடிக்காதீர்கள்.

உண்மையில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் மீட்டிங். ‘ஐ ஆம் ஓபனிங் எ மீட்டிங்’ என்று செய்தி அனுப்புவார்கள். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று அர்த்தம். ஆங்கிலக்காரர் காதில் அது, மேடையேறி வரவேற்புரை சொல்லிக் கூட்டத்தைத் தொடங்கிவைப்பது போல விழும். வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லாததால் திருத்தும் மென்பொருளும் பேசாமல் விட்டுவிடும், கேட்பவரும் மரியாதைக்குச் சும்மா இருந்துவிடுவார், வருடக்கணக்கில் அப்படியே ஓடும். ‘ஓபன் த கார்’ கதையும் இதே மாதிரிதான், ஓட்டு என்று நினைத்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் கார் கதவைத் திறப்பார். ஆனால் டிரைவ் என்ற சொல்லைச் சீக்கிரமே கற்றுவிடுவதால் அந்தத் தப்பு தானாக மறைந்துவிடுகிறது.

இன்னொன்று, இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, லைட்டைவிட இதுதான் எனக்கு எரிச்சல். கடை திறந்திருக்கிறது என்பதற்கு ‘த ஷாப் இஸ் ஓபன்ட்’ என்பார்கள், மூடியிருக்கிறது என்பதற்கு ‘த ஷாப் இஸ் க்ளோஸ்’ என்பார்கள். இரண்டும் நேர் தலைகீழ். சீனத்தில் வினைச்சொல் உருவம் மாறாது, கதவு திறந்தது என்றால் பின்னால் ‘லே’ சேர்ப்பார்கள், திறந்தே இருக்கிறது என்றால் ‘ஜெ’, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஓபன் தானே பெயரடையாகவும் இருந்துவிடும், க்ளோஸ் அப்படி இருக்காது, க்ளோஸ்ட் ஆக வேண்டும். இதற்கு ஏன் என்று விளக்கப் போனால் வகுப்பு முடிந்துவிடும். கடைக் கண்ணாடிக் கதவில் தொங்கும் அட்டையின் படத்தை எடுத்துக் காட்டுங்கள், ஒரு பக்கம் ‘ஓபன்’, திருப்பினால் ‘க்ளோஸ்ட்’. ஓபன்ட் என்று எழுதிய அட்டை கிடைத்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் அப்படித்தான் சொல்வேன், இதுவரை யாரும் கொண்டுவந்ததில்லை. க்ளோஸ்ட் என்பதில் கடைசி எழுத்தை விழுங்குபவர்களிடம் மட்டும் இன்னொரு வார்த்தை சொல்லிவையுங்கள்: அதை விழுங்கிவிட்டால் மிஞ்சும் ‘க்ளோஸ்’ என்பதற்குப் ‘பக்கத்தில்’ என்றும் ஓர் அர்த்தம் உண்டு, கடை பக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தே போகலாம் என்று ஆகிவிடும்.