வினைமுற்றை எண்ணுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. நாள் முழுக்க ஆங்கிலத்தில் மெயில் எழுத வேண்டும். 'படிக்கும்போது மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு' என்றுதான் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். அப்படிப் போட்டால் மேலாளர் பாதியை அடித்துவிடுகிறார், நான் போடாத இடங்களில் புதிதாகப் போடுகிறார். காரணம் கேட்டால் 'படிச்சா தெரியலையா?' என்கிறார். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

ம., திருப்பூர்

அன்புள்ள ம.,

உண்டு. மூச்சை விட்டுவிட்டு வினைமுற்றை எண்ணுங்கள்.

'மழை பெய்தது, லாரி வரவில்லை' என்பது தமிழில் தாராளமாக நிற்கும். அதையே 'இட் ரெய்ன்ட், த லாரி டிட் நாட் கம்' என்று எழுதினால் பிழை. கமாவின் இரு பக்கமும் எழுவாயும் வினைமுற்றும் கொண்ட முழு வாக்கியங்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்டவைக்கும் வலு ஆங்கிலக் கமாவுக்குத் தனியாகக் கிடையாது. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது அரைப்புள்ளி (;) வையுங்கள், அல்லது கமாவுக்குப் பின் 'ஸோ', 'பட்', 'அண்ட்' போல ஒன்றைச் சேருங்கள். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டும் இந்தக் கூட்டத்தில் சேராதவை. இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே அவை வந்தால் முன்னால் அரைப்புள்ளி, பின்னால் கமா. நம்மவர் மெயில்களில் இங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

அதற்காக 'அண்ட்' வந்தாலே கமா என்றும் இல்லை. 'வி பேக்ட் த பாக்ஸஸ் அண்ட் சென்ட் தெம்' என்பதில் எழுவாய் ஒன்றுதான், கமா வேண்டாம். 'வி பேக்ட் த பாக்ஸஸ், அண்ட் த ஏஜென்ட் சென்ட் தெம்' என்பதில் புது எழுவாய் வந்துவிட்டது, வேண்டும். 'இஃப்', 'வென்' பகுதி முன்னால் வந்தால் அது முடிகிற இடத்தில் கமா. பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை.

மூச்சுக்கணக்கு நம்மைக் கவிழ்ப்பது நீளமான எழுவாயில். 'த கூட்ஸ் தட் வி ஷிப்ட் லாஸ்ட் வீக்' என்றதும் வாய் தானாக நிற்கும். அங்கே கமா போட்டால் எழுவாயை அதன் வினையிலிருந்து வெட்டிவிடுகிறீர்கள். உங்கள் மேலாளர் அடிப்பவற்றில் பாதி இதுவாகத்தான் இருக்கும். நடுவில் ஒரு செருகல் வந்தால் அதன் இரு பக்கமும் கமா, இல்லையென்றால் ஒன்றுமே வேண்டாம். ஒற்றைக் கமா மட்டும் கூடாது.

அந்த இரண்டு கமாக்கள் பொருளையே மாற்றும். 'த இன்வாய்ஸஸ் விச் ஹேட் எரர்ஸ் வேர் ரிட்டர்ன்ட்' என்றால் பிழையுள்ள இன்வாய்ஸ்கள் மட்டும் திரும்பி வந்தன. 'விச் ஹேட் எரர்ஸ்' என்பதன் இரு பக்கமும் கமா வந்தால் எல்லா இன்வாய்ஸிலும் பிழை, எல்லாமே திரும்பின என்றாகிவிடும். வாடிக்கையாளரிடம் இதை மாற்றி எழுதினால் பதில் சொல்லி மாளாது. அந்தப் பகுதியைக் கையால் மறைத்துப் படியுங்கள். எவற்றைச் சொல்கிறோம் என்பது மாறவில்லை என்றால் கமா போடலாம். 'விச்' இருக்கும் இடத்தில் 'தட்' எழுதினால் கமாவுக்கு வேலையே இல்லை.

பட்டியலின் கடைசியில் 'அண்ட்', 'ஆர்' இவற்றுக்கு முன் வரும் கமா ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டிஷ் பத்திரிகைகள் பெரும்பாலும் விட்டுவிடும், அமெரிக்கப் பதிப்பகங்கள் போடும். குழப்பம் வரும் என்று தோன்றினால் போட்டுவிடுவதே என் கட்சி. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் ஓவர்டைம் சட்டம் சில வேலைகளுக்கு விலக்கு தந்தது. அந்தப் பட்டியல் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று முடிந்தது, 'ஆர்' முன்னால் கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பேக் செய்வது மட்டுமா? ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்ட ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களே தவிர, பேக் செய்யவில்லை. வாசகம் இரண்டுக்கும் இடம் தருகிறது, அப்படியானால் தொழிலாளர் பக்கமே பொருள் கொள்ள வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2018இல் 50 லட்சம் டாலரில் சமரசமானது.

மேலாளர் புதிதாகப் போடுபவற்றில் 'தேங்க் யூ, சார்' நிச்சயம் இருக்கும். அழைக்கும் பெயருக்கு முன் கமா வேண்டும். தேதியையும் பாருங்கள். அமெரிக்க முறையில் 'மார்ச் 3, 2025' என்று வாக்கியத்தின் நடுவே எழுதினால் ஆண்டுக்குப் பின்னும் ஒரு கமா உண்டு. '3 மார்ச் 2025' என்று எழுதினால் உள்ளே ஒன்றும் வேண்டாம்.