காற்று குறைந்த காருக்கு கேஸ் எதற்கு?

கேள்வி: பாவித்த டொயோட்டா அக்வா ஹைபிரிட் கார் ஒன்று வாங்கி நான்கு மாதம் ஆகிறது. வெள்ளவத்தையில் புறப்படும்போது ஏசி நன்றாக வேலை செய்கிறது. அரை மணித்தியாலம் ஓடியதும் காற்றே வருவதில்லை. கராஜில் ஏசிக்குக் குளிரூட்டும் கேஸ் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: பொறுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் கொயிலில் ஐஸ் பிடித்து வழியை அடைக்கிறது போலத்தான் தெரிகிறது. காற்று குறைந்ததும் ஏசி பட்டனை மட்டும் நிறுத்தி, ஃபேனைப் பத்து நிமிடம் முழு வேகத்தில் விடுங்கள். காற்று திரும்பி, காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் வடிந்தால் ஐஸ்தான்.

ஐஸ் பிடிக்க மூன்று காரணங்கள் உண்டு: அடைபட்ட ஏசி ஃபில்டர், பழுதான வெப்ப சென்சர், கேஸ் குறைவு. மலிவானதிலிருந்து தொடங்குங்கள். இடப்பக்க டேஷ்போர்ட் பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஃபில்டர் இருக்கும், நீங்களே மாற்றலாம். உதிரிப்பாகம் வாங்க பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் நீள அகலம் ஒப்பிட்டு வாங்குங்கள். ‘அப்’ என்று போட்ட அம்பு மேல்நோக்கி இருக்க வேண்டும்.

இன்னொரு சோதனைக்குச் செலவே இல்லை. வெளிக்காற்று எடுக்கும் நிலையில் வைத்து, ஒரு ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். உடனே காற்று கூடினால், உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை என்று அர்த்தம். அந்த வழி பின் பம்பருக்கு உள்ளே, ரப்பர் மடல்களோடு இருக்கும். பின்னால் அடிபட்டுத் திருத்திய கார்களில் அது மூடிப்போவதுண்டு. பாவித்த கார் வாங்கும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை!

கேஸ்தான் குறைவு என்றால், கசிவு எங்கே என்று முதலில் கேளுங்கள். பெட்ரோல் மாதிரி அது எரிந்து தீருவதில்லை. அரை மணித்தியாலம் வெக்கியூம் போட்டு, அதாவது ஏசி குழாய்களிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, மூடிவைத்து, கேஜ் முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே, பொனட் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் கேஸ் ஏற்ற வேண்டும். அக்வாவின் கம்பிரஷர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவது. அதற்கு என்டி-11 என்ற வகை ஒயில் மட்டுமே. சாதாரண கார் ஏசிகளுக்கு விடும் பிஏஜி ஒயில் கலந்தால் மின்காப்பு குறைந்து, கம்பிரஷரையே மாற்ற நேரலாம். என்ன ஒயில் போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டே காரைக் கொடுங்கள். பின்சீட் பக்கத்து துவாரத்தையும் பையால் மறைக்காதீர்கள். ஹைபிரிட் பெட்டரிக்குக் காற்று போவது அதன் வழியாகத்தான்.

கேள்வி: பழைய கொரோலாவில் நுவரெலியா போனோம். கண்ணாடி முழுக்கப் பனிப்புகார் படிந்தது. ஹீட்டர் போட்டாலும் வெறும் இளஞ்சூடுதான்.

பதில்: கொழும்புப் பழக்கத்தில் உள்காற்றுச் சுழற்சியிலேயே விட்டிருப்பீர்கள். மூச்சு ஈரம் வெளியேறாது. வெளிக்காற்றுக்கு மாற்றி, ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும்.

சூடு வராததற்கு, எஞ்சின் சூடான பிறகு ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, ஹீட்டருக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் ஃபேனில் கை படாமல் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்திருந்தால் ஹீட்டர் கோர் (உள்ளே காற்றைச் சூடாக்கும் சிறு ரேடியேட்டர்) அடைப்பு, அல்லது அதற்குப் போகும் வால்வு திறக்கவில்லை. ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் விட்டதன் பலன் பெரும்பாலும் இதுதான். இரண்டும் இளஞ்சூடென்றால் கூலன்ட் குறைவு, இல்லாவிட்டால் ‘சூடான நாட்டுக்கு எதற்கு’ என்று எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டட்டை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். புதிதாகப் போடுங்கள், எரிபொருளும் மிஞ்சும். இரண்டும் சுட்டும் உள்ளே சூடில்லையென்றால் டேஷ்போர்டுக்குள் சூட்டைக் கலக்கும் மடல் நகரவில்லை. உள்ளே இனிப்பு வாடையும் கண்ணாடியில் பிசுக்கும் இருந்தால் கோர் கசிகிறது.

கேள்வி: ஏசி திருத்தி இரண்டு கிழமையில் பழையபடி. கராஜ் கையை விரிக்கிறது.

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? கேஸ் எத்தனை கிராம், எந்தப் பாகம் என்று அதில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் பலம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.