கேள்வி–பதில்: பழைய கேம் கன்சோலுக்கு எந்த வீடியோ கேபிள்?

கேள்வி: பிளேஸ்டேஷன் 2-ஐ மஞ்சள் பிளக்கில் மாட்டினால் 43 அங்குல டிவியில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிகிறது. ஐந்து பிளக் உள்ள காம்பொனென்ட் கேபிள் வாங்கினேன். நிறம் தாறுமாறாக வருகிறது, சில நேரம் படமே இல்லை. கேபிள் போலியா? (கோவை வாசகர்)

பதில்: கேபிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கன்சோலின் அமைப்பைப் பாருங்கள். பழைய மஞ்சள் கேபிளை மாட்டி, டிஸ்க் போடாமல் ஆன் செய்யுங்கள். 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' உள்ளே 'காம்பொனென்ட் வீடியோ அவுட்' என்று ஒரு வரி இருக்கும். அது 'ஆர்ஜிபி'யில் (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகப் போகும் முறை) இருந்தால், காம்பொனென்டுக்கான 'ஒய் சிபி/பிபி சிஆர்/பிஆர்' என்று மாற்றிவிட்டு, புதுக் கேபிளை மாட்டுங்கள். இந்தப் புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அடுத்து, சிவப்பு பிளக் இரண்டு இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று படத்துக்கு, மற்றொன்று ஒலிக்கு. பச்சை, நீலத்தோடு ஒட்டி வருவது படத்துக்கானது. வெள்ளையோடு வருவது ஒலிக்கானது. பச்சை ஒயரில்தான் வெளிச்சமும் சிங்க்கும் (படத்தை டிவியில் நிலையாக நிறுத்தும் நேர சிக்னல்) போகின்றன. ஆகவே பச்சை விட்டுப்போனால் படமே வராது. நீலமோ சிவப்போ விட்டுப்போனால் படம் வரும், நிறம்தான் கெடும்.

இத்தனைக்கும் பிறகு நிழல் உருவம் தெரிந்தாலோ, திரை வெளுக்கும்போது ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று இரைந்தாலோ குறை கேபிளில்தான். மலிவான கேபிளில் எல்லா ஒயரையும் தனித்தனி ஷீல்டு (சிக்னல் கசியாமல் தடுக்கும் உலோக உறை) இல்லாமல் ஒரே உறைக்குள் திணித்திருப்பார்கள். படத்தின் சிக்னல் ஒலி ஒயரில் கசியும். படத்துக்கான மூன்று ஒயரும் தனித்தனி ஷீல்டுள்ள 75 ஓம் கோஆக்ஸியலாக இருக்க வேண்டும். தங்க முலாமுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மல்டிமீட்டர் இருந்தால் அதை பீப் ஒலிக்கும் (கன்டினியூட்டி) அமைப்பில் வைத்து, டிவியிலிருந்தும் கன்சோலிலிருந்தும் கேபிளைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்கின் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் தொட்டுப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் உள்ளே ஷார்ட்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 3-இன் காம்பொனென்ட் கேபிள் பழைய மாடல்களுக்குச் சேருமா? (மதுரை வாசகர்)

பதில்: 2-க்குத் தாராளமாகச் சேரும். முதல் பிளேஸ்டேஷனிலும் அதே சாக்கெட்தான், பிளக் நுழையும். ஆனால் அந்தக் கன்சோல் காம்பொனென்ட் சிக்னலே தராது.

கேள்வி: ஜப்பானிய சூப்பர் ஃபேமிகாம் (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானிய வடிவம்) வாங்கினேன். ஐரோப்பிய சூப்பர் நின்டெண்டோவின் ஆர்ஜிபி ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளில் இருக்கும் அகலமான பல பின் இணைப்பு) கேபிளில் படம் இருட்டாக இருக்கிறது, டிவியும் தானாகக் கன்சோலின் படத்துக்கு மாறுவதில்லை. (பாரிஸ் வாசகர்)

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அந்தக் கேபிள் உங்கள் கன்சோலுக்கானது இல்லை. ஐரோப்பிய கன்சோலுக்கான கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலிருந்தும் கிரவுண்டு ஒயருக்கு 75 ஓம் ரெசிஸ்டர் போட்டிருக்கும். ஜப்பானியக் கன்சோலுக்கு அது கூடாது. பதிலாக ஒவ்வொரு வண்ண ஒயரிலும் தொடராக ஒரு 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும். ரெசிஸ்டர் இருப்பதால்தான் வெளிச்சம் குறைகிறது.

ஐரோப்பிய கன்சோலின் வீடியோ சாக்கெட்டில் 3-வது பின்னில் 12 வோல்ட் வரும், ஸ்கார்ட்டின் 8-வது பின்னுக்குப் போய் டிவியைத் தானாகக் கன்சோலின் படத்துக்கு மாற்றுவது அதுதான். ஜப்பானியக் கன்சோலில் அதே பின்னில் சிங்க் சிக்னல் வருகிறது. அதனால் ரிமோட்டில் ஏவி பட்டனை நீங்களே அழுத்த வேண்டியிருக்கிறது.

சால்டர் பிடிக்கத் தெரிந்தால் ஸ்கார்ட் பிளக்கைத் திறந்து மூன்று ரெசிஸ்டரையும் எடுத்துவிட்டு, 15 (சிவப்பு), 11 (பச்சை), 7 (நீலம்) பின்களுக்குப் போகும் ஒயர்களை வெட்டிக் கெப்பாசிட்டரை வையுங்கள். பிளஸ் கால் கன்சோல் பக்கம் இருக்கட்டும். புதிதாக வாங்குவதானால் விற்பவரிடம் 'ஜப்பானிய மாடலுக்கு, சி-சிங்க் கேபிள்' (அந்த 3-வது பின்னின் சிங்க் சிக்னலைப் பயன்படுத்துவது) என்றே கேளுங்கள். சிங்க்குக்கு மஞ்சள் பிளக்கின் வீடியோவையே பயன்படுத்தும் கேபிளில், ஷீல்டு சுமாராக இருந்தால் ஒரே நிறப் பரப்பில் சதுரங்கக் கட்டம் போல மெல்லிய புள்ளிகள் தெரியும்.

ஆனால் அந்த சி-சிங்க் கேபிளை நண்பரின் ஐரோப்பிய கன்சோலில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அந்த 12 வோல்ட் நேராக டிவியின் சிங்க் பின்னுக்குள் பாயும்.