மண்புழுவும் பாம்படமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு 58 வயது. கோவில்பட்டி, சங்கரன்கோவில், தூத்துக்குடி என்று கிளை கிளையாக மாறி வங்கியில் வேலை பார்த்தவன், இன்னும் ஒன்றரை ஆண்டில் ஓய்வு பெறப்போகிறேன். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கடன் இல்லை, பெரிய நோய் இல்லை, ஆனால் எதிலும் பிடிப்பும் இல்லை. இளமையில் பித்துப் பிடித்தாற்போலக் கேட்ட பாடல்கள் இன்று வெறும் சத்தமாக இருக்கின்றன. நாவலைத் திறந்தால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறேன். எல்லாம் பார்த்தாயிற்று என்றே தோன்றுகிறது. முன்பு நகைக்கடன் பிரிவில் இருந்தபோது, ஒரு கிழவி சுருக்குப்பையிலிருந்து தன் காது நகையான பாம்படத்தை எடுத்து வைத்தால் வேலைப்பாட்டைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஆசாரி செய்தது என்று சொல்லிவிடுவேன். உள்ளே அரக்கு எவ்வளவு இருக்கும் என்று நகையை மதிப்பிடும் அப்ரைசருக்கு முன்பே கணக்குப் போட்டுவிடுவேன். அந்த வேகமெல்லாம் போய்விட்டது. வயதானால் உற்சாகம் வற்றுவது இயற்கைதானா? பயணம் போகலாமா, யோகா வகுப்பில் சேரலாமா, நீங்கள் ஏதேனும் புத்தகம் சொல்வீர்களா?

எம்.

அன்புள்ள எம்.,

இவ்வகைக் கடிதங்கள் எனக்கு அடிக்கடி வருகின்றன; பெரும்பாலானவற்றுக்குப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம், சில வாரங்களாகச் சார்லஸ் டார்வினின் கடைசி ஆண்டுகளைப் பற்றியே நான் படித்துக்கொண்டிருப்பதும், உங்கள் கடிதத்தின் பாதியை அவர் உங்களுக்கு முன்பே எழுதிவிட்டார் என்பதும்தான்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். யோகா வகுப்பில் சேருங்கள், முதுகுக்கு நல்லது. தூக்கமும் பசியும் சேர்ந்து போயிருந்தால் என்னிடம் கேட்காமல் மருத்துவரிடம் போங்கள். பயணமும் போங்கள், கையில் பணம் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு 1836இல் இங்கிலாந்து திரும்பிய டார்வின், அப்போது அவருக்கு 27 வயது, அதன் பிறகு சாகும்வரை வெளிநாடு எதற்கும் போகவில்லை. கென்ட் வட்டாரத்தின் டௌன் என்ற சிற்றூரில், வாந்தியும் தலைச்சுற்றலும் களைப்புமாக, ஒரு நாளைக்குச் சில மணிநேரமே வேலை செய்ய முடிந்த நோயாளியாகத்தான் அவர் வாழ்ந்தார். ஆகவே உடம்பில் தெம்பிருந்தால்தான் ஆர்வம் இருக்கும் என்ற வாதத்தை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

1876இல் தம் பிள்ளைகளுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் ஒன்றைச் சொல்கிறார். முப்பது வயதுவரையிலும் அதற்கு மேலும் மில்டன், வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி ஆகியோரின் கவிதைகள் தமக்குப் பேரின்பம் தந்தன என்றும், இப்போதோ ஒரு வரிக் கவிதையைக்கூடத் தாங்க முடியவில்லை என்றும், ஷேக்ஸ்பியரைப் படிக்க முயன்று குமட்டலே வந்தது என்றும், ஓவியத்திலும் இசையிலும் இருந்த ருசியும் அநேகமாகப் போய்விட்டது என்றும் எழுதுகிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால் வாரம் ஒரு தடவையாவது கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் விதியாக வைத்துக்கொள்வேன் என்று வருந்தவும் செய்கிறார். (நாவல்கள் அப்போதும் பிடித்திருந்தன, அவையும் சோகமாக முடியக் கூடாது, அதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பது அவர் கட்சி.) உங்கள் பாடல்கள் வெறும் சத்தமாகிவிட்டதற்காக நீங்கள் இத்தனை கலங்கத் தேவையில்லை. ருசிகள் உதிரும். அவை உதிர்ந்த பிறகு ஒரு மனிதனிடம் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் எனக்கு அக்கறை.

டார்வினிடம் மண்புழு மிஞ்சியது. 1842 டிசம்பரில், 33 வயதில், வீட்டருகே ஒரு வயலில் உடைத்த சுண்ணாம்புக் கல்லைப் பரப்பச் செய்தார். மண்புழுக்கள் கீழிருந்து மண்ணைக் கொண்டுவந்து மேலே கொட்டக் கொட்ட அந்தக் கற்கள் எவ்வளவு ஆழத்துக்குப் புதையும் என்று பிற்காலத்தில் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். இடையில் பத்து வயது மகள் ஆன்னியைப் பறிகொடுத்தார், உலகத்தையே உலுக்கிய தம் பரிணாம நூலை வெளியிட்டார், திட்டு வாங்கினார். 1871 நவம்பர் இறுதியில் அந்த வயலில் பள்ளம் தோண்டியபோது, வெள்ளைக் கற்கள் வரிசையாக ஏழு அங்குல ஆழத்தில் கிடந்தன. 33 வயதில் கேட்ட கேள்விக்கு 62 வயதில் விடை. இடைப்பட்ட 29 ஆண்டுகளும் அவர் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு, எழுபதை ஒட்டிய வயதில், மண் நிரப்பிய தொட்டிகளில் புழுக்களைப் படிப்பறையிலேயே வைத்து வளர்த்தார். இலைகளை வளைக்குள் இழுக்கும்போது புழு அவற்றின் வடிவத்தை அறிந்துதான் இழுக்கிறதா என்று பார்க்க, தாளை நீள முக்கோணங்களாக வெட்டி, இரவுப் பனியில் நைந்துவிடாதபடி இரு பக்கமும் கொழுப்பைத் தடவி மண்ணில் போட்டார். இழுக்கப்பட்ட 303 முக்கோணங்களில் 62 சதவீதம் கூர்முனைப் பக்கமாகப் போயிருந்தன. புழுவுக்குக் காது கேட்குமா என்று அறிய வீட்டில் விசில் ஊதினார்கள், பஸ்ஸூன் என்ற ஊதுகருவியை வாசித்தார்கள், பியானோ வாசித்தார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தைத் தட்டியதும், அதிர்வை உணர்ந்து சட்டென்று வளைக்குள் போய்விட்டன. எம்., இதைக் கவனியுங்கள்: இசையில் ருசி போய்விட்டது என்று எழுதிவைத்த அதே மனிதரின் வீட்டில், மண்புழுவின் பொருட்டுப் பியானோ ஒலித்திருக்கிறது.

அவர் சதா மகிழ்ச்சியாக இருந்தார் என்று நான் சொல்லவரவில்லை. மகிழ்ச்சியையும் உற்சாகத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் மேடைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்களைப் போன்றவர்கள் இப்படி ஆகிவிட்டீர்கள். 1881 ஜூலையில் சக இயற்கையியலாளர் வாலஸுக்கு எழுதிய கடிதத்தில், மனநிறைவுக்கு வேண்டியதெல்லாம் இருந்தும் வாழ்க்கை மிகவும் சலித்துவிட்டது என்றும், தமக்கு இன்பம் தருவது ஆண்டுக்கணக்கில் நீளும் ஆராய்ச்சி ஒன்றே, அதைத் தொடங்கத்தான் இனி மனமும் வலுவும் இல்லை என்றும் அவர் எழுதுகிறார். அந்த அக்டோபரில் மண்புழுக்களைப் பற்றிய அவர் நூல் வெளிவந்தது. மறு ஆண்டு பிப்ரவரியில், நார்த்தாம்ப்டனிலிருந்து காலணித் தொழில் செய்யும் ஒருவர், காலில் சிறு சிப்பி ஒன்று கவ்விக்கொண்டிருந்த நீர்வண்டைப் பற்றி எழுதியதும், சலித்துப்போன அந்தக் கிழவர் சிப்பியைப் பற்றியும் வண்டைப் பற்றியும் விவரம் விவரமாகக் கேட்டுப் பதில் போட்டார். அது பற்றிய குறிப்பு 1882 ஏப்ரல் 6இல் அச்சேறியது. ஏப்ரல் 19இல் அவர் இறந்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன். எல்லாம் பார்த்தாயிற்று என்கிறீர்கள். என்ன பார்த்தீர்கள்? நகைக்கடன் மேசையில் உட்கார்ந்து, தென்மாவட்டக் கிழவிகளின் காதிலிருந்து இறங்கிய பாம்படங்களையும் தண்டட்டிகளையும் ஆண்டுக்கணக்கில் கையில் ஏந்தி, வேலைப்பாட்டைக் கொண்டே ஆசாரியின் ஊரைச் சொல்லும் கண்ணைப் பெற்றிருக்கிறீர்கள். அதைக் கடிதத்தின் நடுவில், போய்விட்டது என்ற புலம்பலுக்குள் செருகிவைக்கிறீர்கள். உங்கள் கடிதம் முழுவதிலும் உயிரோடு இருப்பது அந்த ஓர் இடம்தான். எந்த அடையாளத்தைக் கொண்டு கண்டுபிடித்தீர்கள்? முக்கோண முகப்பிலா, பற்றவைப்பிலா, தகட்டின் கனத்திலா? அரக்கின் எடையை உருக்காமலே எப்படி மதித்தீர்கள்? ஒன்றையாவது ஒரு தாளில் வரைந்துவைத்தீர்களா? வைத்திருக்கமாட்டீர்கள். அந்த நகைகளில் பெரும்பாலானவை இந்நேரம் உருகி நெக்லஸாகவும் வளையலாகவும் ஆகியிருக்கும். அவற்றைக் கண்டால் இனம் சொல்லக்கூடியவர்களில் ஒருவர் ஓய்வூதியக் கணக்கைப் பார்த்துக்கொண்டு எனக்கு யோகாவைப் பற்றிக் கடிதம் எழுதுகிறார். கோபம் வராமல் என்ன செய்யும்?

உங்களோடு வேலை பார்த்த அப்ரைசர்கள் சிலராவது இருப்பார்கள். ஆசாரிகளின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போயிருந்தாலும் அச்சுகளையும் குறடுகளையும் பரணில் போட்டுவைத்திருப்பார்கள். ஓய்வு பெறும்வரை காத்திருக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பாருங்கள். புத்தகம் எதையும் இப்போது சொல்லமாட்டேன்.

என் ஆச்சிக்குத் தோளைத் தொடும் காது. அம்மாவின் தலைமுறை அதை நாகரிகக் குறைவென்று நினைத்து, வளர்த்த காதை அறுத்துத் தைத்துக்கொண்டது. ஆச்சி மட்டும் கடைசிவரை அறுக்கவிடவில்லை. அவள் தலையை ஆட்டிப் பேசும்போது பாம்படம் கன்னத்தில் இடிக்கும். ஒரு பஞ்ச காலத்தில் அது அடகுக்குப் போனது, மீளவில்லை. கல்யாண வீட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது; அதில் இடது காதுப் பாம்படம் ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. பெரிதாக்கி உங்களுக்கு அனுப்புகிறேன். எந்தப் பக்கத்து வேலை என்று பார்த்துச் சொல்லுங்கள்.