17 அங்குல அலாய்: மலைக்கு வேண்டாத செலவு

கேள்வி: நான் கோத்தகிரிவாசி. அடிக்கடி மேட்டுப்பாளையம் இறங்கி ஏறுகிறேன். என் சின்ன காரில் இருப்பது 165/80 ஆர்14 டயர் (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்), இரும்பு ரிம். கீழே ஒரு கடையில் 205/50 ஆர்17 டயரோடு அலாய் (உலோகக் கலவை ரிம்) போடச் சொல்கிறார்கள். வளைவில் ரோட்டைப் பிடித்துப் போகுமாம், பிக்கப்பும் கூடுமாம். போடலாமா?

பதில்: வேண்டாம். பிக்கப் குறையத்தான் செய்யும். இப்போது உங்கள் சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 62 செ.மீ. கடைக்காரர் சொல்லும் டயரில் 63.7 செ.மீ. உயரம் கூடக்கூட இன்ஜினின் இழுவை சக்கரத்தில் குறையும். வண்டி நிறைய ஆள் இருந்தால் கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியர் திணறும். இறக்கத்தில் கியர் பிடித்து நிறுத்துவதும் அதே அளவு குறையும். பாரம் பிரேக் மேல் விழும். பெரிய ரிம், அகல டயர் என்றால் பெரும்பாலும் கனமும் கூடும், அதையும் அந்தப் பழைய பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும். இதில் ஸ்பீடோமீட்டர் வேறு இப்போதைவிட 3 சதவீதம் குறைத்துக் காட்டும்.

வளைவில் பிடிக்கும் என்பதில் பாதி உண்மை. டயரின் பக்கச்சுவர் 132 மி.மீ.யிலிருந்து 102 ஆகிவிடுவதால் நெளிவு குறைந்து, ஸ்டீயரிங் திருப்பியதும் வண்டி திரும்பும். நல்ல ரோடாக இருந்தால். மழை முடிந்தபின் நம் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? குழியின் அடியை இதுவரை வாங்கியது அந்த 3 செ.மீ. ரப்பர். இனி ரிம் வாங்கும். ரிம் நெளியும், டயரின் பக்கத்தில் முட்டை போலப் புடைக்கும். புடைத்த டயரைப் பஞ்சர் கடையில் சரி செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

“பழைய ரிம்மைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறேன்” என்பார்கள். கொடுக்காதீர்கள். அந்த விலைக்கு மறுபடி வாங்க முடியாது. உங்களைக் கூட்டிப்போகும் மெக்கானிக்குக்குக் கமிஷன் உண்டு, அதுவும் உங்கள் பில்லில்தான். செகண்ட் ஹேண்ட் அலாய் என்றால் டயர் மாட்டாமல் உள்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். நெளிந்த விளிம்பைத் தட்டி, வெல்டு வைத்து, பெயின்ட் அடித்துப் புதிது போல விற்கிறார்கள். ‘டயர் புதுசு’ என்றால் பக்கச்சுவரில் தேதியைத் தேடுங்கள்: 2319 என்றிருந்தால் 2019-ன் 23-வது வாரம்.

தயாரிப்பாளர் சொன்ன விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு. யார் பார்க்கிறார்கள்? மலையேறும் வழியில் கல்லாறு, குஞ்சப்பனை சோதனைச்சாவடிகளில் 2024 முதல் வெளியூர் வண்டிகளின் இ-பாஸ் (நுழைவு அனுமதி) பார்க்க ஆள் உண்டு, சக்கரத்தைக் குனிந்து பார்க்க ஆள் இல்லை. குனிந்து பார்ப்பவர் விபத்துக்குப் பிறகு வரும் இன்சூரன்ஸ் சர்வேயர்தான்.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் மாடலிலேயே விலை கூடிய வேரியன்டுக்குக் கம்பெனி 15 அங்குலம் போட்டு விற்றிருந்தால் அதே அளவைப் போடலாம். அதே மாடல் என்றால் அதே தலைமுறை, அதே இன்ஜின். பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது. 185/65 ஆர்15 என்று வையுங்கள், உயரம் 62 செ.மீ.யிலேயே நிற்கும், கியரும் மீட்டரும் தப்பும். ரிம்மின் போல்ட் துளை பொருந்துவதோடு நடுத்துளையும் ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்ற அளவு) பொருந்த வேண்டும். நடுத்துளை பெரிதானால் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கலாம். ரிம் வெளியே தள்ளி நின்றால் வீல் பேரிங் சீக்கிரம் போகும். காசு கொடுக்கும் முன் வண்டி நிறைய ஆளை உட்காரவைத்து, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள். எங்காவது உரசினால் வாங்காதீர்கள். சில வண்டிகளில் அலாய்க்கு வேறு நட்டு. ஸ்டெப்னி இரும்பு ரிம்தான் என்றால் பழைய நட்டுகளையும் டிக்கியில் போட்டு வையுங்கள்.